ஆற்றுக்குக் கிழக்கே

பிப்ரவரி 4

தம்பிக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். அலுவலக மின்னஞ்சலில் எழுதக்கூடிய விஷயமும் இல்லை இது. அப்பாவைக் கொண்டுபோன அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் நான் உன்னைச் சொன்னதைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு தகவல் இருக்கிறது. அதில் உனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

என் பிரிவில் வாரந்தோறும் நானூறு பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்போம். உனக்குத் தெரிந்ததுதான். "ஊர்ல எத்தனை பேருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எண்ணுறதுக்கு ஒரு சம்பளம்" என்பாய். வாக்காளர்களுக்கு ஊர் நடப்பு எவ்வளவு தெரிகிறது, எந்தச் சேனல், எந்தப் பேப்பர் வழியாகத் தெரிந்தது என்பதுதான் ஆய்வு. யாரை அழைப்பது என்பதைக் கணினி தானாகவே பொறுக்கும். பேட்டிகள் பதிவாகும். நூற்றுக்கு ஐந்து பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, கேள்விகள் ஒழுங்காகக் கேட்கப்பட்டனவா என்று நான் சரிபார்க்க வேண்டும். அந்த வேலை எப்போதும் பல மாதம் பின்தங்கியே நடக்கும்.

திங்கட்கிழமை ஒரு பதிவைத் திறந்தேன். ஜூன் 10, மாலை. பதிலளித்தவர் எண் 1147. பேட்டி எடுக்கும் பெண் வழக்கமான முன்னுரையைச் சொல்லி, "இப்ப பேசலாங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா. இரும்மா, டிவி சத்தத்தைக் குறைச்சுடறேன்" என்றார் அப்பா.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். அது மேசைமேல் கிடந்தபடியே பேசியது. முப்பத்தொரு வருஷம் ரயில் நிலைய மைக்கில் அறிவிப்புப் படித்த குரல் அல்லவா, அந்தத் தூரத்திலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

மொத்தம் பதினாறு கேள்விகள். ஏழாவது கேள்வி: ஆற்றுக்கு மேற்கே குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற நகரசபை எச்சரிக்கை இப்போது நடப்பில் இருக்கிறதா? அதற்கு அப்பா, "இல்லியே, அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே" என்கிறார்.

அது தவறான பதில். கிழக்கே மட்டும்தான் வாபஸ். அப்பா இருந்தது மேற்கே. அடுத்த எட்டாம் நாள் அவர் இல்லை.

பதிலளித்தவர் யார் என்று வெளியே சொல்வது எங்கள் விதிகளுக்கு எதிரானது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மீறுகிறேன். பதிவுகள் ஒன்பது மாதத்தில் அழிக்கப்படும். இது மார்ச் 10 அன்று போய்விடும். கேட்க வேண்டுமென்றால் அதற்குள் வா. வேண்டாமென்றால் பதில் எழுதாதே.

பெரியவள்


பிப்ரவரி 11

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலே வைத்திருந்தேன். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்தேன். படித்த பிறகு நோட்டீஸே தேவலை என்று தோன்றியது.

முதலில் உன் ஆய்வு. எங்கள் சேனல் பார்ப்பவர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் அந்தத் தண்ணீர்க் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னார்கள் என்று உன் அறிக்கை வந்தது. உனக்குப் பிடித்த பேப்பர்க்காரன் அதை முதல் பக்கத்தில் போட்டான். சரி, அந்தப் பேப்பரைப் படிக்கிறவர்கள்? இருநூறு பேர் செத்துவிட்டதாகவும் ஊர் முழுக்க விஷத் தண்ணீர் ஓடுவதாகவும் நம்பிக்கொண்டிருந்தார்களே, அவர்கள் நூற்றுக்கு எத்தனை? அதை எங்கே ஒளித்து வைத்தாய்? செத்தது பதினோரு பேர். அதில் ஒருவர் நம் ஆள். எனக்கு எண்ணத் தெரியும்.

கூடத்தில் நீ சொன்னது ஒரு வார்த்தைகூட மாறாமல் நினைவிருக்கிறது. "உன் பட்டைதான் அப்பாவைக் கொன்னுது." திரைக்கு அடியில் சிவப்பாக ஒரு வரி வருமே, அதைப் பட்டை என்போம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான் பதிலுக்கு, "அப்பா கூப்பிட்டப்ப நீ போனை எடுத்தியா?" என்று கேட்டேன். மீட்டிங்கில் இருந்தேன் என்றாய். அத்தோடு இருவரும் அவரவர் காரில் ஏறினோம்.

அப்பா டிவி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவர் பட்டையைச் சத்தம் போட்டுப் படிப்பார், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருகிற மாதிரியே. இப்போது ஆபீசில் நான் எந்த வரி அடித்தாலும் அது அவர் குரலில்தான் ஓடுகிறது. போன வாரம் ஒரு விபத்துச் செய்தி. "பேருந்து கவிழ்ந்து நால்வர்" வரை அடித்துவிட்டு, காயமா பலியா என்று தெரியாமல் நிறுத்தினேன். காதிலும் குரல் நின்றது. அடுத்த சொல்லுக்காக யாரோ என் தோளுக்குப் பின்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஏசி.

நான் வந்து கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் எழுது. உங்கள் தாளில் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி உண்டு, நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்: இதை எங்கிருந்து தெரிஞ்சுகிட்டீங்க? அப்பா அதற்கு என்ன சொன்னார்?

எட்டு மாதமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பது, அன்றைக்கு அவர் எங்கள் சேனலைப் பார்த்திருக்கமாட்டார் என்று. எதிர் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், கடையில் கேட்டிருப்பார். அது உண்மையா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி போதும்.

சின்னவன்


பிப்ரவரி 16

தம்பிக்கு,

நீ கேட்ட எண் நாற்பத்து நான்கு. ஒளித்து வைக்கவில்லை. ஏழாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அடிக்குறிப்பு படிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அங்கே போட்டேனா என்று கேட்டால், எனக்கே பதில் தெரியவில்லை.

உன் இன்னொரு கேள்விக்கு வருகிறேன்.

அப்பா பேப்பரில் பார்த்ததாகச் சொல்கிறார். "பேப்பர்லதாம்மா, வாபஸ்னு பெரிசா போட்டிருந்தான்" என்கிறார். நான் வாங்கச் சொல்லி அவர் வாங்கிய பேப்பர்தான். ஜூன் 10 காலைப் பதிப்பை எடுத்துப் பார்த்தேன். "வாபஸ் நாடகம்" என்று தலைப்பு. வாபஸ் என்பது கொட்டை எழுத்தில், நாடகம் என்பது அடுத்த வரியில். தலைப்பை மட்டும் பார்ப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஆகவே உன் சேனல் இல்லை. கூடத்தில் நான் சொன்னதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ தூங்கலாம்.

நீ வந்து கேட்கத் தேவையில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. பதிவு அவ்வளவு தெளிவாகவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவள்


பிப்ரவரி 20

அக்கா,

முதல் கடிதத்தில் மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாவது கடிதத்தில் பதிவு தெளிவாக இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அதில் இறங்கக் கூடாது.

அப்பாவால் பேப்பர் படிக்க முடியாது அக்கா. உனக்குத் தெரியாது. போன வருஷம் தொடக்கத்திலிருந்தே இரண்டு கண்ணிலும் புரை. "பெரியவகிட்ட சொல்லிடாதே, லீவு போட்டுட்டு வந்து நின்னு கேள்வி மேல கேள்வியா கேப்பா" என்றார். ஆபரேஷனுக்கு ஜூலையில் நாள் குறித்திருந்தோம். அதனால்தான் அந்தப் பெரிய டிவியை வாங்கிக் கொடுத்தேன். பட்டை எழுத்து மட்டும் அவருக்குத் தெரியும். உன் பேப்பரைத் தினமும் வாங்குவார். நீ வந்தால் மேசைமேல் இருக்க வேண்டும் என்பதற்காக. வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் அடுக்கு அடுக்காக இருந்தது. ஒன்றுகூட மடிப்புக் கலையவில்லை.

நீ எனக்காகப் பொய் சொன்னாய் என்று புரிகிறது. அதுவும் உன் பேப்பர் மேல் பழியைப் போட்டு. யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பதிலுக்குச் சொல்கிறேன்.

எனக்கு வந்த வரி இது: ஆற்றுக்குக் கிழக்கே குடிநீர் எச்சரிக்கை வாபஸ்: நகரசபை அறிவிப்பு. பட்டையில் இடைவெளியும் சேர்த்து முப்பது எழுத்துதான் நிற்கும். ஏதாவது ஒன்றை வெட்டியாக வேண்டும். 'ஆற்றுக்குக் கிழக்கே' பத்து எழுத்து. 'நகரசபை அறிவிப்பு' பத்து எழுத்து. எண்ணிப் பார். எதை வெட்டினாலும் வரி அடங்கியிருக்கும். நான் 'நகரசபை அறிவிப்பு' மேல் கையை வைத்தேன். இன்சார்ஜ் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நகரசபை பேரு நிக்கணும்ப்பா. தேர்தலுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. யார் சரி பண்ணினதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

"அப்ப கிழக்கேங்கறதை எடுத்துடவா சார்?"

"கிழக்கே இருக்கறவனுக்குத் தெரியும், அவன் கிழக்கேதான் இருக்கான்னு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உன் ஆய்வில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பாய். எங்களுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம். யாரும் பொய் எழுதச் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. எதை வெட்டுவது என்பதில்தான் எங்கள் கட்சி இருக்கிறது.

நாற்பத்தொரு தடவை வந்தது. புகார் வந்ததால் மறுநாள் மதியம் ஒரே ஒரு தடவை முழு வரியையும் இரண்டாகப் பிரித்துப் போட்டோம்.

அதற்கு மூன்று நாள் முன்பு நானேதான் அப்பாவிடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தேன். சொன்னபடி செய்துகொண்டும் இருந்தார். அதனால் மறுபடி கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. நான் வாயால் சொன்னதைவிட நான் அடித்ததை அவர் அதிகம் நம்புவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. ஒரு சொல் வெட்டாதே.

சின்னவன்


பிப்ரவரி 23

தம்பி,

கண் விஷயம் எனக்குத் தெரியாது. போன வருஷம் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேசைமேல் இருந்த பேப்பரைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினேன். ஊருக்கெல்லாம் கேள்வித்தாள் தயாரிப்பவள், "கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டதில்லை.

பதிவில் இருப்பது இது. பேட்டி எடுக்கும் பெண் கேட்கிறாள்.

"இதை எங்கேருந்து தெரிஞ்சுகிட்டீங்க ஐயா?"

"டிவிலதான். கீழே சிவப்பா வருதே, அதுல."

"எந்தச் சேனல்னு சொல்ல முடியுங்களா?"

உன் சேனல் பெயரைச் சொல்கிறார். பிறகு அவராகவே தொடர்கிறார்.

"அது என் பையன் எழுதறதும்மா. மேலே உக்காந்து பேசறவங்க ஆயிரம் பேசுவாங்க, அதை நான் கேக்கறதில்ல. அவங்க கட்சிக்காரங்க. கீழே வர்றது அறிவிப்பு. அறிவிப்புல அவன் விளையாட மாட்டான். நான் வளத்த பையன்."

நீ இதைப் படித்துவிட்டு எங்கே உட்கார்ந்திருப்பாய் என்று தெரியவில்லை. எழுந்துவிடாதே, இன்னும் இருக்கிறது. மிச்சம் என்னுடையது.

பதினாறு கேள்வியும் முடிகிறது. பெண் நன்றி சொல்கிறாள்.

"இரும்மா. நான் சொன்னதெல்லாம் சரிதானே? எத்தனை மார்க்கு?"

அவள் சிரிக்கிறாள். "அது நாங்க சொல்லக் கூடாதுங்கய்யா."

"ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தா சொல்லேன். தெரிஞ்சாத்தானே திருத்திக்க முடியும்?"

இங்கே ஒரு நொடி மௌனம். சரியான விடை அவள் திரையில், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்திருக்கிறது. மூச்சு எடுப்பது கேட்கிறது.

"விதி அப்படிங்கய்யா. மன்னிச்சுக்கங்க."

"சரி சரி, பரவால்ல. என் பொண்ணும் இந்த மாதிரி வேலைதான் பண்ணுது. அதுகிட்ட கேட்டுக்கறேன்."

அது ஒன்பதாவது விதி. பதில் சரியா தவறா என்று எக்காரணம் கொண்டும் சொல்லலாகாது. சொன்னால் அடுத்த பதில்கள் கெட்டுப்போகும். ஆய்வு முறைப்படி நியாயமான விதிதான். கடைசிக் கேள்வியும் முடிந்த பிறகு ஏன் சொல்லக் கூடாது என்று யாரும் கேட்டதில்லை. 'எக்காரணம் கொண்டும்' என்பது நான் எழுதிச் சேர்த்த சொல். வாக்கியம் உறுதியாக ஒலிக்கட்டும் என்று சேர்த்தேன்.

பதிவு முடிவது ஐந்து ஐம்பதுக்கு. என் போனில் அப்பாவின் தவறிய அழைப்பு ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.

மீட்டிங் எதுவும் இல்லை. என் அறையில்தான் இருந்தேன். அந்த வாரக் கேள்விகளுக்கான சரியான விடைகளின் அட்டவணையை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரம்வரை நகர்ந்தது. அதைக் கையால் தள்ளி உள்ளே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். "அப்புறம் பேசறேன்ப்பா" என்று செய்தி அனுப்பினேன். அவரால் அதைப் படிக்க முடிந்திருக்காது என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. உன் சேனல் பார்ப்பவர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் அந்தத் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எந்தச் சேனல் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்று தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. இவ்வளவு துல்லியமான முடிவு வருஷக்கணக்கில் கிடைத்ததில்லை. எனக்கு அது அறுபத்தொன்றாகத்தான் தெரிந்தது. சனிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நீ கூப்பிட்டாய்.

மார்ச் 10 வரை பதிவு இருக்கும். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் தினமும் கேட்கிறேன். அந்த ஒரு நொடி மௌனத்தை மட்டும்.

பெரியவள்


மார்ச் 3

அக்கா,

வரப்போவதில்லை. நீ எழுதியதே போதும். அவர் குரலில்தான் படித்தேன்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போனேன். மறுநாளும் போனேன். அப்பா ஸ்டேஷனில் வைத்திருந்த வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அறிவிப்பில் பிழை வந்தால் திருத்தத்தை மூன்று தடவை சொல்வார். "தப்பை ஒரு தடவை சொன்னாலே எல்லார் காதுலயும் விழுந்துடும்டா. திருத்தம் அப்படி இல்ல, பாதிப் பேர் அதுக்குள்ள வேற நடைமேடைக்கு ஓடிப்போயிருப்பான்" என்பார். நாம் ஏதாவது தப்பு செய்தாலும் மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வைப்பாரே. நீ மூன்றாவது தடவை மட்டும் வேண்டுமென்றே முணுமுணுப்பாய்.

வெள்ளிக்கிழமை மாலைச் செய்தியில் இன்சார்ஜ் சாப்பிடப் போன நேரம் பார்த்து அடித்தேன். முப்பது எழுத்தில் அடங்கவில்லை. இரண்டு பட்டையாகப் பிரித்தேன். முதலாவது: திருத்தம்: ஜூன் 9 குடிநீர்ச் செய்தி. இரண்டாவது: ஆற்றுக்குக் கிழக்கே மட்டும் வாபஸ். ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றுக்குள் அவர் கை கழுவாமலே ஓடி வந்துவிட்டார்.

"என்னய்யா இது, செத்துப்போன செய்தியை எடுத்துப் போட்டுக்கிட்டு?"

"செத்துப்போனவங்களுக்குத்தான் சார்."

அவரே பட்டையை நிறுத்தினார். மூன்றாவதை நான் வாயால் சொன்னேன். அப்பா மாதிரி, நிறுத்தி நிறுத்தி, மைக் இருக்கிற நினைப்பில். அந்த ஹாலில் இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் கேட்டால் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குப் பொய் வராது, அதனால் வீட்டுப் பக்கம் வந்துவிடாதே.

பட்டை அடிக்காவிட்டால் குரல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மருந்துக்கடைப் பலகை, பஸ் நெற்றி, பால் பாக்கெட் தேதி, எல்லாவற்றையும் இப்போது அவர் படிக்கிறார். நேற்று என் வீட்டுக் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த 'குடிநீர்' என்ற தாளைப் படித்தார். படித்துவிட்டு, சரிதானே என்று கேட்கிற மாதிரி நின்றார்.

பதிவை அழித்துவிடு. விதிப்படி செய்.

சின்னவன்


மார்ச் 10

தம்பி,

நீ வேலையை விட்டுத் திருத்தம் போட்டதால் என்ன ஆயிற்று என்று யாராவது உனக்குச் சொல்ல வேண்டும், அதுவும் வெட்டாமல். இந்த வாரக் கேள்விகளில் அந்தப் பழைய தண்ணீர்க் கேள்வியை, 'ஜூனில் நடப்பில் இருந்ததா' என்று மாற்றி, மறுபடி சேர்த்தேன். உன் சேனல் பார்ப்பவர்களில் தவறாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர். ஜூனில் அறுபத்தொன்று. மூன்று பேர் வித்தியாசம் எங்கள் கணக்கில் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும். புள்ளியியல் பார்வையில் எதுவும் நடக்கவில்லை. என் பேப்பர் படிப்பவர்களையும் கேட்டேன். நாற்பத்து நான்கு அப்படியே நாற்பத்து நான்காக இருக்கிறது. இந்தத் தடவை இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே பக்கத்தில் வரும்.

அந்த மூன்று பேரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அப்படி மூன்று பேர் உண்மையில் இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்பதாவது விதியை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேட்டி முடிந்த பிறகு கேட்பவர்களுக்குச் சரியான விடையைச் சொல்ல வேண்டும் என்று. குழு அடுத்த மாதம் கூடுகிறது. ஒப்புக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை.

இன்று மாலை பதிவை அழித்தேன். அழிக்கும் முன் கடைசியாக ஒரு முறை கேட்டேன். "நான் சொன்னதெல்லாம் சரிதானே?" என்ற இடத்தில் நிறுத்தினேன். அறைக் கதவைச் சாத்தியிருந்தேன். "இல்லப்பா, ஏழாவது தப்பு. தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்றேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவதையும் முணுமுணுக்காமல் சொன்னேன். பிறகு பதிவைக் கடைசிவரை ஓடவிட்டேன்.

அவர் அதே குரலில், "சரி சரி, பரவால்ல. என் பொண்ணும் இந்த மாதிரி வேலைதான் பண்ணுது. அதுகிட்ட கேட்டுக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். என் எண்ணைத் திறந்து வை. அன்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு உன்னைக் கூப்பிடுவேன். சொல்ல எதுவும் இல்லை, கேட்கவும் இல்லை. அந்த நேரத்துக்கு அடிக்கும் போனை யாராவது ஒருவர் எடுக்க வேண்டும்.

பெரியவள்